சும்மா போன சைக்கிள்

(அம்பத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வரும்போது கரும்பலகையைப் பார்த்தேன். ‘சைக்கிள் சாதனையாளர் உரை’ என்று எழுதியிருக்கிறது. முதலில் அதை அழித்துவிட வேண்டும். பம்பாய்க்கு எதிர்க்கரையில் மாண்ட்வா என்று ஒரு படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து கோவா எல்லையில் கேரி வரை, கொங்கணக் கடற்கரையை ஒட்டியே சுமார் 600 கிலோமீட்டர் போனேன். ஓட்டியது பன்னிரண்டு நாள். நாளுக்கு ஐம்பது கிலோமீட்டர் வீதம். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம். இதில் என்ன சாதனை? திருநின்றவூர்ப் பக்கத்திலிருந்து கேரியரில் பால் கேன் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் அம்பத்தூர் வந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை யாரும் மேடையேற்றவில்லை.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் பால் ஊற்றப் போனார்கள். நான் சும்மா போனேன். இன்றைக்குப் பேசவந்தது அந்தச் ‘சும்மா’வைப் பற்றித்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: 1984இல் இந்த ஊர் சைக்கிள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தத் தொழிற்சாலை என்று அம்பத்தூரில் நின்றுகொண்டு சொல்லத் தேவையில்லை. கடைசி வரைக்கும் சக்கரப் பிரிவுதான். ஸ்போக்ஸ் பூட்டிய சக்கரம் வரும். சுற்றிப் பார்த்து, நிப்பிளைத் திருகி, கோட்டம் எடுத்து அனுப்ப வேண்டும். எத்தனை சக்கரம் என் கையால் போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் அதைச் சொல்லியே இந்த மேடையில் அரை மணி ஓட்டியிருப்பேன்.

1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தன. 1951இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வெளியே வரத் தொடங்கின. 1955இல், ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த அதே வருடம், அதே ஆவடியில் எஃகுக் குழாய் செய்ய டியூப் புராடக்ட்ஸ் வந்தது. 1960இல் செயின் செய்ய டி.ஐ. டைமண்ட் செயின். சட்டத்துக்குப் பைப், இழுக்கச் செயின், ஓட வண்டி, எல்லாம் இந்த ஒரே வட்டாரத்தில். இந்தியாவில் சைக்கிளுக்கு ஊர் எது என்றால் லூதியானா என்பார்கள். சொல்லட்டும். எண்ணிக்கையில் அவர்கள் பெரிய ஆட்கள்தான். ஆனால் எம்.டி.எச். ரோட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் சங்கு ஊதியதும் ஓடிய சைக்கிள் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இந்த அறையிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். ஒரு லாரி குறுக்கே வந்தாலும் அதுதான் நின்று வழிவிட வேண்டும்.

இவ்வளவு சைக்கிள் செய்த ஊரில், சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது சும்மா போய்வந்தவர் எத்தனை பேர்? வேலைக்குப் போனோம். ரேஷனுக்குப் போனோம். பெண்டாட்டியைக் கேரியரில் உட்காரவைத்துத் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பிறகு கொஞ்சம் காசு சேர்ந்ததும் மொபெட், அப்புறம் பைக். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அது ஏழ்மையின் சாட்சி மாதிரி ஆகிவிட்டது. நான் ஓய்வுபெற்ற பிறகு சைக்கிளில் கடைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர், “என்ன சார், வண்டி ரிப்பேரா?” என்று கேட்கிறார். ரிப்பேரில்லை சார், நான் இதைச் செய்தவன் சார் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

அப்படிச் சும்மா போகிறதென்றால் எனக்கு உண்மையில் ஆசை இத்தாலிமேல். சிரிக்காதீர்கள். வருடாவருடம் மார்ச் மாதத்தில் மிலான்–சான் ரெமோ என்று ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். 1907இல் தொடங்கியது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். என் மகன் செல்போனில் அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பந்தயத்தின் பின்பாதி, லிகூரியா என்ற கடற்கரையில் ஓடுகிறது. மத்தியதரைக் கடல் ஒரு பக்கம். மறுபக்கம் மலை. மலை என்றால், தள்ளி நிற்கிற மலை இல்லை; கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிற மலை. சாலைக்கு இடமில்லாமல் ஒவ்வொரு முனையிலும் மேலே ஏறி மறுபக்கம் இறங்குகிறது. கடைசியில் போஜியோ என்று ஓர் ஏற்றம். நாலு கிலோமீட்டர்கூட இல்லை, உச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 160 மீட்டர்தான். உலகத்தின் பெரிய வீரர்கள் அந்தச் சின்ன மேட்டில் ஒருவரை ஒருவர் கழற்றிவிடுவதைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். அதே கரையில் கைவிட்ட ஒரு ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல், சுரங்கங்களோடு. மகன் சொன்னான், “போங்கப்பா, டிக்கெட் நான் போடுறேன்.” நான் விசா விண்ணப்பத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து மூடிவைத்துவிட்டேன். கடலில் கால் நனைக்கும் மலை நம் நாட்டிலேயே இருக்கும்போது கைரேகை கொடுத்துவிட்டு எதற்குப் போக வேண்டும்?

ஆனால் அது நம் கரையில் இல்லை. நம் சோழமண்டலக் கரை தட்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இங்கிருந்து புதுச்சேரி வரை போனாலும் ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலம்தான். மேற்கே தோன்றும் ஆறுகள் நாடு முழுக்க நடந்துவந்து, வண்டலைக் கொட்டிக் கொட்டிச் சமன்செய்த கரை இது. கொங்கணத்தில் கதை வேறு. சஹ்யாத்ரி மலைக்கும் கடலுக்கும் நடுவே பெரும்பாலான இடங்களில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். நடுவில் இருப்பதும் சமவெளியில்லை, செம்புரைக்கல் மேட்டுநிலம். மராத்தியில் ‘சடா’ என்கிறார்கள். மேலே மேசை மாதிரி மொட்டையாக இருக்கும். ஓரத்தில் செங்குத்தாகக் கடலில் இறங்கும். மலையிலிருந்து குதிக்கிற சின்னச் சின்ன ஆறுகள் அந்த மேசையைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றும் ஒரு கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. சாலை என்ன செய்யும்? கழியிலிருந்து சடாவுக்கு ஏறும், சடாவில் கொஞ்சம் ஓடும், அடுத்த கழிக்கு விழும். மறுபடியும் ஏறும். ஏலகிரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர். கொங்கணத்தில் ஒரு நாளின் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஆயிரம் மீட்டரை ஒட்டி வந்துவிடும். ஆனால் பன்னிரண்டு நாளில் ஒருமுறைகூட நான் கடலிலிருந்து இருநூறு மீட்டர் உயரத்துக்கு மேலே இருந்ததாக நினைவில்லை.

அம்பத்தூரில் இருந்துகொண்டு இதற்கு எப்படிப் பழகுவது? நமக்கு மலை ஏது? பாடி மேம்பாலம்தான். விடியற்காலை நாலரை மணிக்குப் போய் ஏறி இறங்கி ஏறி இறங்கி, இருபது சுற்று. மூன்றாவது நாள் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். “அய்யா, வழி தெரியலையா? எங்க போகணும்?” என்று கேட்டார், பாவம். நான் கொங்கணம் போகணும் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாத்துப் போங்க” என்றார். பிறகு இரண்டு முறை ஏலகிரிக்குப் போனேன். பதினாலு கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொரு பெயரையும் நின்று நிதானமாகப் படித்தேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த இலக்கிய வாய்ப்பு இல்லை.

இப்போது கியர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொழிலை விட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய பெரிய சைக்கிளில் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் போகும். தட்டைச் சாலையில் அற்புதமான கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிற ஏற்றத்தில் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றுக்கும் உங்களையும் வண்டியையும் மூட்டையையும் 54 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். மாடிப்படியில் மூன்று படியை ஒரே தாவலில் தாண்டுகிற மாதிரி, அதுவும் நிறுத்தாமல். நான் எடுத்துப்போன வண்டியில் மிகச் சின்னச் செயின் வீல் 22 பல், பின்னால் மிகப் பெரியது 34 பல். ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான் போகும், 14 சென்டிமீட்டர்தான் ஏறும். ஒரு படிகூட இல்லை. வேகம் நடக்கிற வேகம். ஆனால் முட்டி பிழைக்கும்.

இதற்காகப் பிரான்ஸில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. செயின்ட் எட்டியென் என்ற தொழில் நகரத்தில் பால் தெ விவி என்று ஒருவர். பட்டு வியாபாரி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். மலைக்கு ஒரு கியர், சமவெளிக்கு ஒரு கியர் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ஈஸ்டர் விடுமுறைக்குத் தோழர்களோடு தெற்கே மத்தியதரைக் கடல் பக்கமாகச் சைக்கிளில் இறங்குவார். அந்தப் பக்கம் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ச். அவர் கட்சி, கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குத்தான் என்பது. அவருடைய பந்தயத்தில் 1937 வரைக்கும் கியர் மாற்றும் டிரெய்லியரை அனுமதிக்கவேயில்லை. எனக்குப் போகும்போது வயது 61. ஆக, தெக்ராஞ்ச் அவர்களே எனக்கு அனுமதி கொடுத்துவிட்டார். இதில் நான் வெலோசியோ கட்சி. கியரையும் தாண்டி முடியாதபோது இறங்கித் தள்ளினேன். பன்னிரண்டு நாளில் ஒன்பது இடத்தில் தள்ளினேன். தள்ளும்போதுதான் முந்திரிப் பூ வாசம் தெரிந்தது.

2023 ஜனவரி, காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்பினேன். வீட்டில் அம்மணி சப்பாத்தி கட்டிக் கொடுத்தபடியே கேட்டாள், “ஏங்க, ஒரு கூட்டாளியக்கூட கூட்டிட்டுப் போகக் கூடாதா? தனியாப் போயி அங்க என்னதான் பண்ணுவீங்க?” பதில் இல்லை. சென்ட்ரலில் சைக்கிளை லக்கேஜ் போட்டு, நானும் ஏறி, பம்பாயில் இறங்கினேன். அங்கே பாவுச்சா தக்கா என்ற துறையிலிருந்து மாண்ட்வாவுக்குக் கார், லாரி எல்லாம் ஏற்றிப்போகும் பெரிய படகு 2020இலிருந்து ஓடுகிறது. ஒரு மணி நேரம். அதில் ஒரே சைக்கிள் என்னுடையது.

அலிபாக் தாண்டி முருட் வரை பெரிய கஷ்டமில்லை. கடலுக்குள் ஜஞ்சிரா கோட்டை நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்திகள் ஆண்ட கோட்டை, மராட்டியர் எத்தனையோ முறை முட்டிப் பார்த்தும் விழவில்லை. அதற்குப் பிறகு அகர்தாண்டாவில், படகில் கடக்க வேண்டிய முதல் கழி. எதிர்க்கரை திகி. சாலை படகுத்துறையில் போய் முடிந்துவிடுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஏறி, மூச்சு வாங்கி, இறங்கி வந்தால் சாலை உங்களைக் கட்டாயமாக உட்காரவைக்கிறது. படகு அந்தக் கரையில் இருந்தால் இன்னும் நல்லது. டீக்கடையில் வடா பாவ். பக்கத்தில் மீன் கூடை.

பாக்மாண்ட்லா துறையில் ஒரு விஷயம் தெரிந்தது, அதை இந்த ஊரில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் கழி சாவித்திரி ஆற்றின் முகம். சாவித்திரி எங்கே பிறக்கிறது என்று படகுக்காரரைக் கேட்டேன். மஹாபலேஷ்வர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிருஷ்ணாவும் அதே மஹாபலேஷ்வரில்தான் பிறக்கிறது! ஒரே மலை முகட்டில் பிறந்த அக்கா தங்கை. தங்கை மேற்கே குதித்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் கடலில் விழுந்துவிடுகிறாள். அக்கா கிழக்கே திரும்பி, மஹாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம் என்று ஆயிரத்துக்கு மேல் கிலோமீட்டர் நடக்கிறாள். வழியில் அவளைக் கொஞ்சம் கால்வாயில் திருப்பி, கண்டலேறு வழியாக 1996இல் பூண்டிக்குக் கொண்டுவந்தோம். அம்பத்தூரில் என் வீட்டுக் குழாயில் நான் முகம் கழுவுவது அக்காவின் தண்ணீரில். அங்கே தங்கையின்மேல் படகில் போகிறேன். கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்தேன். உப்பு. கடல் அவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டிருந்தது.

அக்கரையில் வேஷ்வி இறங்கி, கேல்ஷி, ஆஞ்சர்லே, ஹர்ணை. ஹர்ணையில் மாலை மீன் ஏலம். படகுகளுக்கும் கரைக்கும் நடுவே மாட்டு வண்டிகள் தண்ணீரில் இறங்கி மீன் ஏற்றி வருகின்றன. பார்க்க வேண்டிய காட்சி. சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். காலையில் அவல், மதியம் அரிசிமா பாக்ரியும் வறுத்த அயிலையும், கடைசியில் சோல்கடி. அது கோகம் பழத்தோலும் தேங்காய்ப்பாலும் கலந்த இளஞ்சிவப்பு நீர். கோகம் நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். ஏற்றத்தில் வெந்த வயிற்றுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. மோருக்குத் துரோகம் செய்கிறேனே என்று முதல் நாள் தயங்கினேன். இரண்டாம் நாளிலிருந்து இரண்டு டம்ளர்.

எங்கே நின்றாலும் ஒரே கேள்வி. “ஏக்டே?” தனியாவா? அந்தப் பக்கம் பெரியவர்களைப் பிள்ளைகள் ‘காகா’ என்று கூப்பிடுவார்கள். சித்தப்பா என்று அர்த்தம். “காகா, ஏக்டே?” நம் காதுக்கு யாரோ காக்காயிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். ஆமாம், ஏக்டே என்பேன். உடனே தண்ணீர் வரும், நாற்காலி வரும், சில வீடுகளில் படுக்க இடமும் வரும். கூட்டமாகப் போனால் இது கிடைக்காது. நாலு பேர் போனால் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவன் போனால் உள்ளே கூப்பிடுவார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அறுபது தாண்டிய ஆண்பிள்ளை தனியாகப் போவது ஒரு தைரியமே இல்லை. இதே சாலையில் என் மகள் தனியாகப் போக நான் சம்மதித்திருப்பேனா என்று குஹாகர் கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நேர்மையான பதில் சங்கடமாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து சொல்லிக்கொடுக்கிற இயக்கத்தில் சைக்கிள் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், அண்ணன் தம்பியைக் கெஞ்சாமல், நினைத்த நேரத்தில் போய்வருவது இருக்கிறதே, அதற்குத்தான். எங்கள் லைனில் மாடு மாதிரி சைக்கிளைச் செய்துகொண்டிருந்த எனக்கு அது புரிய முப்பது வருடம் ஆனது.

தனியாகப் போவதில் அகந்தையும் உண்டு. என் அகந்தை ஜெய்கட்டில் உடைந்தது. தாப்ஹோலில் வாஷிஷ்டி ஆற்றைக் கடந்து, தவ்சாலிலிருந்து சாஸ்திரி ஆற்றைக் கடந்து, ஜெய்கட்டில் படகு இறங்கியதும் சாலை செங்குத்தாக எழும்புகிறது. பாதி ஏற்றத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் காண்பேன். ஸ்போக் போச்சு. எது? பின்சக்கரத்தில், ஃப்ரீவீல் பக்கத்து ஸ்போக். மாற்று ஸ்போக் நான்கு வைத்திருந்தேன். ஹாண்டில் பாரோடு டேப் போட்டு ஒட்டி. ஆனால் அந்தப் பக்கத்து ஸ்போக்கைப் பூட்ட வேண்டுமானால் பல்சக்கரக் கூட்டத்தைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்ற ஒரு சின்னச் சாவி வேண்டும், உள்ளங்கையில் அடங்குகிற சாவி. வீண் எடை எதற்கு என்று அதை அம்பத்தூரில் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். வாழ்நாளெல்லாம் சக்கரம் செய்தவன்! ஒரு மோட்டார் பைக் மெக்கானிக்கைக் கண்டுபிடித்தேன். பையன் சங்கடமாகச் சிரித்தான். சைக்கிள் சாமான் பார்த்தே பல வருடம் ஆயிற்றாம்.

செம்புரைக்கல் மதிலோரம் நிழலில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டேன். உடைந்த ஸ்போக்கை எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து ஸ்போக்குகளை அரைத் திருகு தளர்த்தி, உடைந்த பக்கத்தில் அடுத்துள்ளவற்றைக் கால் திருகு இறுக்கி, விரல் நகத்தை ரிம்மோடு வைத்துச் சுற்றிப் பார்த்து, மறுபடி திருகி… முக்கால் மணி நேரம். மதில் பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சக்கரம் ஓரளவுக்கு நேராகச் சுற்றியபோது ஒரு பெண்பிள்ளை கைதட்டினாள். முப்பது வருடத்துக்கு மேல் கோட்டம் எடுத்திருக்கிறேன், முதல் கைதட்டல். பின் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, கணபதிபுலே வழியாக ரத்னகிரிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அப்படியே போனேன். ஆரே வாரே என்ற இடத்தில் சாலை வளைந்து மேலேறுகிறது. கீழே சவுக்குத் தோப்பு, வெள்ளை மணல், பச்சைக் கடல். லிகூரியாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இது அதற்கு ஒரு மாற்றுக் குறைவில்லை. ஆனால் பாதி நேரம் நான் கடலைப் பார்க்கவில்லை, பின்சக்கரம் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

ரத்னகிரியில் சாவி கிடைத்தது, ஒரு நாள் காத்திருந்த பிறகு. அந்த ஒரு நாளில் தீபா அரண்மனையைப் பார்த்தேன். பர்மாவின் கடைசி அரசர் தீபா மின். 1885இல் ஆங்கிலேயர் அவரை மாண்டலேயிலிருந்து பிடித்து, முதலில் கொண்டுவந்தது நம் சென்னைக்குத்தான். சில மாதம் இங்கே வைத்திருந்துவிட்டு 1886இல் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1910இல் இந்த மாளிகை கட்டி முடிந்தது. 1916இல் அங்கேயே இறந்தார். மாளிகை ஒரு மேட்டில் நிற்கிறது, கடலும் கழியும் தெரியும். ஒரு சாவிக்காக ஒரு நாள் காத்திருக்கவே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த மனிதர் முப்பது வருடம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு விஜயதுர்க், தேவ்கட், மால்வண், வெங்குர்லா. மாம்பூக் காலம். எல்லாம் அழகு, எல்லாம் ஏற்றம், விவரித்தால் சொன்னதையே சொல்ல வேண்டிவரும். தெரேகோல் கழியில் கோவா அரசின் படகு. அக்கரையில் கேரி. கரையில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மணி கேட்டாளே, தனியாப் போய் என்ன பண்ணுவீங்க என்று. ஒன்றும் பண்ணவில்லை. அதைத்தான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அதுக்கு இவ்ளோ தூரமா?” என்றாள்.

சரியான ஆட்கள் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன், இல்லையென்றால் என் கதை பெரிய கதை என்று நினைத்துவிடுவீர்கள். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் கடைசிவரை சுற்றி, 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பாலைவனமும் ஆல்ப்ஸ் மலையும் அதில் அடக்கம். அப்போது அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை கிடையாது. அவர்கள் ஓட்டிய வண்டி எதுவும் நம் நாட்டில் செய்ததில்லை. இன்றைக்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது.

கேட்டுக்கொள்வது இதுதான். கொங்கணத்துக் கழிகளுக்கெல்லாம் பாலம் போட்டு ரேவஸிலிருந்து ரெட்டி வரை கடற்கரைச் சாலையை ஒன்றாக்கும் திட்டம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது தேவை. பிரசவ வலியோடு படகுக்குக் காத்திருப்பவர்களிடம் போய்ப் படகின் அழகைப் பேச முடியாது. பாலம் வந்தால் படகு நிற்கும். அதற்குள் போய்விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் போங்கள். மதியத்துக்கு மேல் காற்று வடமேற்கிலிருந்து வந்து முதுகில் தள்ளும். ஏப்ரலில் போகாதீர்கள், செம்புரைக்கல் அடுப்பாகிவிடும். வடக்கிலிருந்து தெற்கே போங்கள். சட்டை இரண்டு போதும்.

என் கேரியர்ப் பைகள் இரண்டையும், குறிப்பெழுதிய வரைபடத்தையும் நூலகர் அம்மாவிடம் கொடுத்துவைக்கிறேன். யார் வேண்டுமானாலும் பெயர் எழுதி வாங்கிப் போகலாம். பையின் சின்ன அறையில் அந்தச் சாவி இருக்கிறது. அதை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.